ஊதாமலே கிடைத்த வெள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் பேண்டில் இருந்தேன். மூன்றாம் கிளாரினெட், இரண்டாவது வரிசை, ஓரத்திலிருந்து மூன்றாவது நாற்காலி. அந்த நான்கில் பின் இரண்டு ஆண்டுகள், வேகமான இடம் வந்தால் நான் ஊதவே மாட்டேன். உதடு வாய்முனையைக் கவ்வியிருக்கும், விரல்கள் ஓடும், கண் பயிற்றுவிப்பாளரின் கோலில் இருக்கும். காற்று மட்டும் போகாது. பக்கத்து நாற்காலிக்காரியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள் என்பது பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு திருமண விருந்தில் அவளே சொல்லித்தான் தெரிந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் எண்ணிப் பார்த்தோம். மூன்றாம் கிளாரினெட்டில் மொத்தம் ஆறு பேர். அதில் உண்மையில் ஊதியவர்கள் எத்தனை பேர் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அப்படி ஊதாமல் இருந்த ஆண்டுகளில் ஒன்றில், பள்ளிக் கலைக்குழுக்களுக்குத் தரம் வழங்கும் சிங்கப்பூர் இளையர் விழாவில் எங்கள் பள்ளிக்கு வெள்ளி. அப்போதெல்லாம் தங்கம், வெள்ளி, வெண்கலம்தான். டிஸ்டிங்ஷன், அக்கம்ப்ளிஷ்மென்ட், கமெண்டேஷன் என்று மாறியது 2013இல். எனக்குக் கொடுத்த சான்றிதழ் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இவ்வளவு காலம் கழித்து இதை ஒப்புக்கொள்ள வைத்தது உங்கள் ஞாயிறு இதழில் வந்த ஒரு தந்தையின் கடிதம். பிள்ளையைப் பேண்டில் சேர்த்துவிட்டால் கூட்டுணர்வு தானாக வந்துவிடும், ஐம்பது பேர் ஒன்றாக வாசிப்பதைவிடப் பெரிய குழுப்பணி உண்டா என்று அவர் கேட்டிருந்தார். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது பேர் ஒரே கோலைப் பார்த்து நடப்பதுதான் குழுப்பணி என்றால், சிவப்பு விளக்கில் வரிசையாக நிற்கும் கார்களும் குழுப்பணிதான் செய்கின்றன. பேண்டில் இருந்தபோது நான் யாரோடும் சேர்ந்து வாசிக்கவில்லை. பலருக்கு நடுவில் ஒளிந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஒளிவதற்கு வசதி செய்து கொடுத்ததே எங்களுக்கென்று எழுதியிருந்த மூன்றாம் பார்ட்தான். ஒரு பாட்டில் ஒவ்வொருவரும் வாசிக்க எழுதித் தரும் தனிப்பகுதிதான் பார்ட். கிளாரினெட் ஊதியவர்களுக்கு இது புரியும். அந்தக் கருவியில் ‘பிரேக்’ என்று ஓர் இடம் உண்டு, கீழ்ச் சுரங்கள் முடிந்து மேல் சுரங்கள் தொடங்கும் எல்லை. ஏ, பி பிளாட் என்ற சுரங்கள் வரை ஏறக்குறைய எல்லாத் துளையும் திறந்திருக்கும். அடுத்த பி வந்துவிட்டால் ஏறக்குறைய எல்லா விரலுக்கும் வேலை. எல்லாத் துளையையும் ஒரே நொடியில் மூடி, கட்டை விரலால் பின்புறச் சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கீச்சென்று கத்தும். புதிதாக வருகிறவர்களுக்கு எழுதும் மூன்றாம் பார்ட் பெரும்பாலும் பிரேக்குக்குக் கீழேயே சுற்றிச் சுற்றி வரும். பாவம், பிள்ளைகள் சிரமப்படக் கூடாதே என்றுதான் அப்படி எழுதுகிறார்கள். விளைவு என்னவென்றால், நான்காம் ஆண்டு முடிவிலும் என்னால் பிரேக்கைச் சுத்தமாகத் தாண்ட முடியாது. எப்போதாவது பார்ட் மேலே ஏறினால், மேலே சொன்னேனே, காற்றை நிறுத்திக்கொள்வேன். முதல் கிளாரினெட்டில் இருந்த பெண்கள் ஏற ஏற இன்னும் நன்றாக ஏறினார்கள். நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

இப்போது என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அவளும் பேண்ட், அவளும் மூன்றாம் கிளாரினெட். பரம்பரைச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. சேர்ந்த முதல் வருடமே, “அம்மா, அந்த ஃபாஸ்ட் பார்ட்ல நான் சும்மா விரலை மட்டும் ஓட்டிட்டேன், யாருக்கும் தெரியல” என்று ஒரு வெற்றிச் சிரிப்போடு சொன்னாள். எனக்குத் திட்டத் தகுதி இல்லை.

சென்ற முறை இளையர் விழா முடிந்த கையோடு அவளுடைய பள்ளியில் ஒரு மாற்றம் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி. அதில் ஒரு நாளின் முதல் முக்கால் மணி நேரத்தைப் பயிற்றுவிப்பாளர் பிரித்துக் கொடுத்துவிட்டார். பேண்டை நாலு, ஐந்து, ஆறு பேர் கொண்ட குழுக்களாக உடைத்தார். ஒரு பார்ட்டுக்கு ஒரே ஒருவர். கோல் கிடையாது. ஒரு குழு வகுப்பறையில், ஒன்று படிக்கட்டுக்கு அடியில், ஒன்று அறிவியல் கூடத்துக்கு வெளியே. அவர் ஒவ்வொரு குழுவாகப் போய்ப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு வருவார். மற்ற நேரம் பிள்ளைகளே பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்நாட்டில் இதைச் சேம்பர் மியூசிக் என்பார்கள். பெயரிலேயே இருக்கிறது, அரங்குக்கு அல்ல, அறைக்கான இசை. நம் ஆட்களுக்கு இது புதிதும் அல்ல. பாடகர், வயலின், மிருதங்கம் என்று மூன்று பேர் உட்கார்ந்தால் கோல் பிடிக்க அங்கே யாரைக் கூப்பிடுகிறோம்?

மகளின் குழு நாலு பேர்: மூன்று கிளாரினெட், ஒரு பாஸ் கிளாரினெட். ஜூன் விடுமுறையில் பள்ளியில் அறை கிடைக்காத நாள்களில் ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நாலு ஸ்டாண்ட் வைத்தால் மீதி இடம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சோபாவில் என் அம்மா. அவர் கும்பகோணத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஏழெட்டு வருடம் பாட்டு கற்றவர். இங்கு வந்த பிறகு கோயிலில் பாடுவதோடு சரி.

முதல் நாள் ஆரம்பிக்கவே அரை மணி நேரம் ஆனது. பேண்டில் கோல் இறங்கும், ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே யார் ஆரம்பிப்பது? ஒருத்தி “ஒன், டூ, த்ரீ” என்று எண்ணினாள். எண்ணிய வாயால் எப்படி ஊதுவது, அவள் மட்டும் பின்தங்கினாள். கால் தட்டினார்கள், நாலு காலும் நாலு தாளம். கடைசியில் பாஸ் கிளாரினெட் பையன்தான் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: முதல் பார்ட் வாசிப்பவர் கருவியைச் சற்றே தூக்கி, என்ன வேகத்தில் வாசிக்கப் போகிறோமோ அந்த வேகத்திலேயே மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். அந்த மூச்சுதான் கோல். மற்ற மூவரும் அவளோடு சேர்ந்து மூச்சிழுத்தார்கள், சேர்ந்து ஊதினார்கள். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கே அந்த “ஸ்ஸ்” கேட்டது. நான்கு வருடம் பேண்டில் இருந்தும், பக்கத்தில் இருப்பவள் எப்போது மூச்சிழுக்கிறாள் என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இரண்டாம் வாரம் நடந்ததுதான் நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம்.

பாட்டின் கடைசியில் ஒரு நீண்ட ஒலிக்கூட்டு. நாலு பேரும் நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடித்தார்கள், ஆனால் உர்ரென்று ஒரு நடுக்கம், மேசைமேல் கைப்பேசி அதிர்வதுபோல. மகள் கைப்பேசியை எடுத்துச் சுதி பார்க்கும் செயலியை வைத்தாள். ஒவ்வொருவராக ஊதினார்கள். நாலு பேருக்கும் பச்சை. மறுபடி சேர்ந்து ஊதினால் மறுபடி உர்ர். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்தார்கள். நால்வரும் பேசியது ஆங்கிலத்தில். என் அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் சோபாவிலிருந்தே கையை நீட்டி என் மகளைக் காட்டி, “இவ வாசிக்கிற காந்தாரம் ஏறி நிக்குது. கொஞ்சம் இறக்கச் சொல்லு” என்றார். காந்தாரம் என்றால் ‘ச ரி க’வில் வரும் ‘க’.

“பாட்டி என்ன சொல்றாங்க?” என்றான் பாஸ் கிளாரினெட் பையன். அவன் மலாய்ப் பையன், மரியாதை தெரிந்தவன். நான் சொன்னேன். மகள் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள், “பச்சைதானே இருக்கு!” என்று. அம்மா கைப்பேசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. “மிஷினு கெடக்கட்டும், இறக்கு.”

அது கிளாரினெட்டில் கழுத்துப் பகுதி ஏ. ஏறக்குறைய எல்லாத் துளையும் திறந்திருக்கும் சுரம் என்பதால் ஒலி மெலிந்து, கொஞ்சம் ஏறியே நிற்கும். சும்மா இருக்கும் வலக்கை விரல்களில் இரண்டு மூன்றால் துளைகளை மூடினால் ஒலி தடிக்கும், சுதியும் சற்று இறங்கும். எனக்கு இது பேண்டில் யாரோ சொல்லி, செய்யத் தேவையே வராமல், மறந்துபோன விஷயம். அன்றைக்கு ஞாபகம் வந்தது, சொன்னேன். மகள் அப்படியே மூடினாள். உதட்டையும் கொஞ்சம் தளர்த்தினாள் போல. நடுக்கம் மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிட்டது. நாலு கருவியும் ஒரே கருவி மாதிரி ஒலித்தது. யாருக்கும் நிறுத்த மனமில்லை, மூச்சு தீரும்வரை பிடித்தார்கள். “இப்ப சேந்துடுச்சு” என்று அம்மா மறுபடி சாய்ந்துகொண்டார்.

கைப்பேசி பொய் சொல்லவில்லை. அது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் காந்தாரம், இயற்கையாகச் சேரும் இடத்தைவிட 14 சென்ட் மேலே இருக்கும். ஓர் அரைச் சுரத்தை நூறாகப் பங்கிட்டால் அதில் 14 பங்கு. தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிக் காது கொடுத்துக் கேட்டால் அந்தர காந்தாரம் தானாகவே ஒலிப்பது தெரியும். அம்மாவுக்குச் சின்ன வயதில் பாடமே அதிலிருந்துதான் தொடங்கியது. அந்த காந்தாரம் அவர் காதில் அறுபது வருடமாக இருக்கிறது. ஆகவே செயலி காட்டும் பச்சை தனியாக ஊதுவதற்குச் சரி. கூட்டில் நம் சுரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். ஐம்பது பேர் பேண்டில் இந்த 14 சென்ட் யாருக்குக் கேட்கும்? நடுக்கம் இருக்கும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. பயிற்றுவிப்பாளர் “கிளாரினெட், டியூனிங்!” என்று கத்துவார். பதினைந்து பேரும் ‘நம்மை இல்லை’ என்று நினைத்துக்கொள்வோம்.

அன்று மாலை மகள் கேட்டாள்: “பேண்டில் நான் எப்ப காந்தாரம், எப்ப ஸட்ஜமம்னு எப்படித் தெரியும்?” பார்ட்டை மட்டும் பார்த்தால் தெரியாது, எல்லாரையும் கேட்டால்தான் தெரியும் என்றேன். அவள் பள்ளியிலிருந்து எல்லாப் பார்ட்டும் ஒன்றாக இருக்கும் முழு ஸ்கோரை வாங்கி வந்து பென்சிலால் குறித்துக்கொண்டாள். நான் சொல்லித் தரவில்லை, பயிற்றுவிப்பாளரும் கேட்கவில்லை.

குழுப்பணி என்றேனே, அதற்கு வருகிறேன். நாலு பேரில் ஒருத்தி வரவில்லை என்றால் பாட்டு இல்லை. பேண்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து பேர் இருக்கிறார்கள். இங்கே ஒரு சனிக்கிழமை முதல் கிளாரினெட் பெண் சொல்லாமல் கொள்ளாமல் டியூஷனுக்குப் போய்விட்டாள். மற்ற மூவரும் வந்து உட்கார்ந்து, பாதி பாட்டை வாசித்துப் பார்த்து, ஓட்டை விழுந்த குடையைப் பிடித்ததுபோல விழித்தார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் பெரிய சண்டை. என் மகளை அவ்வளவு கோபத்தில் நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் அடுத்த வாரம் ஒரு பெட்டி கறிபஃப் வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு டியூஷன் நேரத்தைப் பார்த்து நாலு பேரும் கூடித் தேதி போட்டார்கள். பெரியவர்கள் யாரும் தலையிடவில்லை.

அப்புறம் பார்ட் மாற்றிக்கொள்வது. இது அந்தப் பயிற்றுவிப்பாளரின் யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பாட்டு கொடுத்தார். முதல் பாட்டில் மூன்றாவது வாசிப்பவர் இரண்டாவது பாட்டில் முதலாவது. என் மகள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரேக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. ஒளிய இடமில்லை, அவள் நிறுத்தினால் மெட்டே நின்றுவிடும். மூன்று வாரம் வீட்டில் ஒரே கீச்சு. கீழ் வீட்டுக்காரரை மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். நான்காம் வாரம் கீச்சு குறைந்தது. ஆறாம் வாரம் நின்றது. எனக்கு நான்கு வருடத்தில் வராதது.

மூன்றாம் தவணையில் இடைவேளையின்போது உணவகத்தில் வாசித்தார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, மீ கோரெங் வரிசைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம். பெற்றோருக்கு அனுமதி கிடையாது, காணொளியில்தான் பார்த்தேன். நடுவில் மின்விசிறிக் காற்றில் முதல் கிளாரினெட்டின் தாள் பறந்துவிட்டது. அவள் திகைத்து நிறுத்திவிட்டாள். பேண்டாக இருந்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. இங்கே மெட்டு போய்விட்டது, அடித்தளம் மட்டும் ஓடுகிறது. பாஸ் கிளாரினெட் பையன் அவளைப் பார்க்கிறான், ஒவ்வொரு முதல் தட்டையும் வேண்டுமென்றே அழுத்தி ஊதுகிறான், “இங்கே, இங்கே” என்று சொல்வதுபோல. நாலு தட்டு, எட்டுத் தட்டு. அவள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அடுத்த வரியில் சரியாக நுழைந்துவிட்டாள். அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

எல்லாம் தேனும் பாலுமாக நடந்தது என்று சொன்னால் பொய். அதே பள்ளியில் ஒரு பித்தளைக் கருவிக் குழு மூன்றே வாரத்தில் உடைந்தது. ட்ரம்பெட் பையன்கள் இருவருக்கும் முதல் பார்ட்தான் வேண்டுமாம். டியூபாவை யார் வீட்டுக்குத் தூக்கிப் போவது? ஆகவே அந்தப் பையன் வீட்டில் பயிற்சி எடுக்கவே இல்லை. கொடுத்த பாட்டும் அவர்கள் சக்திக்கு மேலே. பேண்டில் வாசிக்கும் தரத்தைவிட ஒன்றிரண்டு படி எளிதானதைக் கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் தனியாகத் தாங்கும் சுமை அதிகம். பயிற்றுவிப்பாளர் தாமதமாகத்தான் கவனித்தார், பிறகு மூன்று பேர் குழுவாக மாற்றினார். நாலு பேரை அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் சேம்பர் மியூசிக் ஆகிவிடாது. முதல் மாதம் யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில பள்ளிகளில் சிறு குழு ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எப்படிப்பட்டது? இருப்பதிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பொறுக்கி, பள்ளிக்கு விருந்தினர் வரும்போது வரவேற்பு மண்டபத்தில் நிறுத்துவது. அது அலங்காரம். ஏற்கெனவே ஊதத் தெரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு. நான் கேட்பது கடைசி வரிசைக்கு.

நம் பயிற்றுவிப்பாளர்கள் ஜப்பானியப் பள்ளி பேண்டுகளைப் பற்றி வியந்து வியந்து பேசுவார்கள், காணொளி போட்டுக் காட்டுவார்கள். கோடைகாலத்தில் நடக்கும் அவர்களுடைய பெரிய போட்டிதான் நம் கண்ணில் படுகிறது: 55 பேர் வரை, 12 நிமிடம். அதை நடத்தும் பேண்டுச் சங்கமே குளிர்காலத்தில் நடத்தும் இன்னொரு போட்டியைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. அது சிறு குழுக்களுக்கானது. மூன்று முதல் எட்டுப் பேர், ஐந்து நிமிடம், கோல் பிடிப்பவர் கூடாது, ஒரே பார்ட்டை இருவர் வாசிக்கவும் கூடாது. கோடையில் ஐம்பது பேர் ஒரே ஆள் மாதிரி ஒலிப்பதற்கு அந்தக் குளிர்காலத்துக்கும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

வாசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன் என்ற ஐந்துக்கு மட்டும் அந்தோன் ரைஹா இருநூறு ஆண்டுக்கு முன் 24 படைப்புகள் எழுதி வைத்திருக்கிறார். சாக்ஸபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது 1846இல், 1857இலேயே சேன்ஷலே நாலு சாக்ஸபோனுக்கு எழுதிவிட்டார். பித்தளைக் கருவி ஐந்துக்கு எழுதிய விக்டர் எவால்ட் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியர். பிள்ளை பேண்டில் இருந்தால் பொறியாளர் ஆக முடியாதே என்று கவலைப்படும் நம் பெற்றோருக்காக இவரைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். இவையெல்லாம் உயர்நிலை ஒன்றுக்கு எட்டாதுதான். ஆனால் தொடக்க நிலைக்கு எழுதியவையும் கடைகளில் கிடைக்கின்றன, எந்தக் கருவி இருந்தாலும் பார்ட்டை மாற்றிக்கொள்ளும்படி எழுதியவையும் உண்டு. பசூன் இல்லாத பள்ளி கவலைப்பட வேண்டாம். தாளக் கருவிப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பேண்டில் எழுபது பார் (தாளக் கட்டம்) எண்ணிவிட்டு ஒரு தட்டு தட்டுகிறவர்கள் அவர்கள்.

பள்ளிகளின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. இளையர் விழா 1967இலிருந்து நடக்கிறது. முடிவு வந்த மறுநாள் பெற்றோர் முதலில் கேட்பது “டிஸ்டிங்ஷனா?” என்றுதான். நானும் கேட்டிருக்கிறேன். பயிற்றுவிப்பாளரின் வேலையையும் அதை வைத்தே எடை போடுகிறார்கள். அந்த நெருக்கடியில் வாரத்தில் முக்கால் மணி நேரத்தைப் படிக்கட்டுக்கு அடியில் ‘வீணாக்க’ யாருக்குத் துணிவு வரும்? ஆனால் உயர்நிலைப் பள்ளிகளுக்கு விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதானே. நடுவில் இருக்கும் ஆண்டில் ஒரு தவணை, கூடுதல் நேரம் வேண்டாம், இருக்கும் நேரத்திலேயே. முடிவில் மேடை வேண்டாம், உணவகம் போதும். முதியோர் இல்லம் இன்னும் நல்லது.

அடுத்த விழாவுக்குப் பயிற்சி தொடங்கியபோது மகள் முழு நேரமும் பேண்டுக்குத் திரும்பினாள். இன்னும் மூன்றாம் கிளாரினெட்தான், நாற்காலி மாறவில்லை. முதல் வாரம் வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல், “அம்மா, எனக்குப் பின்னாடி டியூபா என்ன வாசிக்குதுன்னு இப்ப கேக்குது” என்றாள். இரண்டு வருடமாக அந்த டியூபா அங்கேதான் இருந்தது.

கடைசியாக ஒன்று. போன மாதம் முதல் கிளாரினெட் பெண் குடும்பத்தோடு மலாக்கா போய்விட்டாள். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆள் குறைகிறது, பயிற்சியை விடவும் மனமில்லை. “ஆண்ட்டி, நீங்க வாசிப்பீங்களாமே?” என்று கேட்டுவிட்டார்கள். மகள் முதல் பார்ட்டுக்கு நகர்ந்தாள், எனக்கு மூன்றாவது. பழைய கிளாரினெட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். மூட்டுத் தக்கை காய்ந்து உதிர்ந்துவிட்டது, அந்த இடத்தில் நூலைச் சுற்றினேன். ரீட் மகளுடையது. அம்மா சோபாவில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மகள் மூச்சிழுத்தாள், நாங்களும் இழுத்தோம். இருபத்து மூன்றாவது பாரில் என் பார்ட் பிரேக்கைத் தாண்டி ஏறுகிறது. பழைய வழக்கம் எட்டிப் பார்த்தது, காற்றை நிறுத்தலாமா என்று. நிறுத்தினால் அங்கே ஓட்டை விழும், நாலு பேருக்கும் தெரியும். ஊதினேன். கீச்சென்று வீடே அதிரக் கத்தியது.

பாஸ் கிளாரினெட் பையன் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, “ஆண்ட்டி, இருபத்தொன்றிலிருந்து மறுபடியும்” என்றான்.

இப்படிக்கு,
ஒரு பழைய மூன்றாம் கிளாரினெட்,
ஈசூன்